கடலூர் வரை போவதா, புதுச்சேரியிலேயே சுற்றுவதா?

சிறிய பாய்மரப் படகு, இரண்டு நாள் விடுமுறை. சனிக்கிழமை கடலூர் போய் இரவு படகிலேயே தங்கித் திரும்பலாம். இல்லையென்றால் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து தினமும் அரைநாள் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம்.

கடலூருக்குக் கடல்வழி ஏறத்தாழ 12 கடல்மைல். 4 நாட் (மணிக்கு 4 கடல்மைல்) வேகம் கிடைத்தாலே மூன்று மணி நேரம்தான். பிப்ரவரியில் வாடைக்காற்று முதுகில் தள்ளும், சுகமாகப் போய்விடலாம். வம்பு ஞாயிற்றுக்கிழமைதான். அதே காற்று எதிரே நிற்கும். இடமும் வலமுமாகப் பாயை மாற்றி மாற்றி வளைந்து ஏற வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறவர்கள் இதை யோசிக்கணும். அப்புறம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். மணல் எந்த வாரம் எங்கே மேடு தட்டும் என்பது மீனவர்களுக்குத்தான் தெரியும். நம் கரையில் ஓத ஏற்றமும், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் உயரமும், ஒரு மீட்டர் அளவுதான் என்பதால், தரைதட்டினால் தண்ணீர் வந்து தூக்கிவிடும் என்று நம்பி உட்கார முடியாது. இருட்டில் வலை மிதவைகள் கண்ணுக்குத் தெரியாது. கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் என்ஜினை அணைத்துவிட்டு, கத்தியோடு ஒருவர் இறங்க வேண்டியதுதான்.

புதுச்சேரிச் சுற்றில் இந்தத் தலைவலி பாதி. முகத்துவாரம் இங்கேயும் உண்டு, ஆனால் பகலில் கடக்கிறோம். காலையில் கரைக்காற்றில் வெளியே போய், மதியம் கடல்காற்றில் திரும்பலாம். பழைய கலங்கரை விளக்கம் தெரியும் தூரத்திலேயே இருக்கலாம். குழந்தைகளோ, வாந்தி எடுப்பவர்களோ கூட இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். பாய் கட்டத் தெரிந்த இரண்டு பேராவது இருந்தால் கடலூர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டுமே வேண்டாம்.