பாலினீசியர் எங்கிருந்து வந்தனர்? இரு கருத்துகளின் ஒப்பீடு

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் பாலினீசியத் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் யார் என்ற வினாவுக்கு இரு விடைகள் முன்வைக்கப்பட்டன.

முதலாவது, அவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் மேற்கு நோக்கி வந்தனர் என்பது. இதற்கு வலுச்சேர்க்க நார்வேயின் ஆய்வுப்பயணி தோர் ஹெயர்டால் 1947இல் பெருவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் புறப்பட்டு, 101 நாள்களில் பாலினீசியாவின் துவாமோட்டு தீவுக்கூட்டத்தை அடைந்தார். துணிவான பயணம்தான், ஆனால் அப்படி வர முடியும் என்பதைக் காட்டியதே தவிர, அப்படித்தான் வந்தார்கள் என்பதை அது நிறுவவில்லை.

இரண்டாவது, அவர்கள் ஆசியாவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவினர் என்பது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் நியூ கினிக்கு அருகிலுள்ள பிஸ்மார்க் தீவுகளிலிருந்து டோங்கா, சமோவா வரை பரவிய லாப்பிட்டா எனப்படும் பழங்கால மட்பாண்டங்களும், தைவான் முதல் ஈஸ்டர் தீவு வரை நீளும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பமும், மரபணு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எதிர்க்காற்றில் கிழக்கே செல்ல இயலாது என்று முதல் கருத்தினர் வைத்த வாதமும் நிலைக்கவில்லை. காற்று திசைமாறும் பருவங்களை அம்மாலுமிகள் அறிந்திருந்தனர். 1976இல் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாலுமி மாவ் பியாலுக், விண்மீன்களையும் அலைகளையும் மட்டுமே நம்பி, ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து தஹித்திக்கு வழிநடத்தினார்.

முதல் கருத்தில் எஞ்சும் உண்மை ஒன்றுண்டு. தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஐரோப்பியர் வருமுன்பே பாலினீசியாவில் விளைந்தது. அத்தொடர்பைப் பாலினீசியரே கிழக்கே சென்று ஏற்படுத்தியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அத்தகைய கடலோடிகளைக் காற்று அடித்துக் கொண்டுவந்தவர்களாகச் சித்திரிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.