எல்-2 விசாப் பத்திரங்கள்: கஸ்தூரியார் வீதி மொழிபெயர்ப்புக் கடை

என் கணவருக்கு மார்ச் மாதம் எல்-1 விசா கிடைத்தது. கொழும்பில் ஆறு வருடம் வேலை செய்த அதே கம்பனி தன் அமெரிக்கக் கிளைக்கு மாற்றியது. அவர் முதலில் போய்விட்டார். நானும் நாலு வயது மகளும், அப்படி மாற்றலாகிப் போகிறவரின் குடும்பத்துக்கான எல்-2 விசா எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அதற்கான பத்திரங்களைக் கஸ்தூரியார் வீதியில், மாடிப்படிக்குக் கீழே மஞ்சள் பலகை தொங்கும் ஒரு சின்னக் கடையில்தான் செய்வித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதே அலுவலுக்கு ஓடித்திரிகிற பெண்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் போனது இந்தக் கடைக்கு அல்ல. நகரில் இன்னோர் இடம், குளிரூட்டி போட்ட அலுவலகம். அங்கே என் கையில் ஒரு பட்டியலைத் தந்தார்கள்: பொலிஸ் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை, அதற்கும் முன்னால் என் கடவுச்சீட்டைக் கணவர் பெயருக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் தாங்களே செய்து தருவதாகச் சொன்னார்கள், அதற்கு முற்பணமும் கேட்டார்கள். இரண்டு இரவு நித்திரை இல்லை. கடவுச்சீட்டு மாற்றி வரும்வரை எத்தனை மாதம் பிள்ளை அப்பாவைக் காணாமல் இருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பிறகுதான் ஒன்றுவிட்ட அக்கா இந்தக் கடையைச் சொன்னார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐயா ஒருவர், கொம்பியூட்டரில் ஒரு தங்கச்சி. கடை அவ்வளவுதான். நான் பட்டியலை நீட்டினேன். ஐயா வாசித்துவிட்டு, "பிள்ளை, நீங்கள் அங்கே குடியேறப் போறீங்களா, அவரோட கூடப் போறீங்களா?" என்று கேட்டார். கூடத்தான் என்றேன். பொலிஸ் அறிக்கையும் மருத்துவமும் குடியேற்ற விசாக்காரருக்கு என்று சொல்லிப் பேனையால் இரண்டையும் வெட்டினார். பெயர் மாற்றத்தையும் வெட்டினார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்: எனக்கு என் அப்பாவின் பெயர், அவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், மகளுக்கு என் கணவரின் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது வழமை. விவாக அத்தாட்சிப் பத்திரமும் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் சரியாக இருந்தால் உறவுக்கு அதுவே போதும் என்றார்.

அந்த "சரியாக" என்ற சொல்லுக்கு அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மகளின் பத்திரம் தமிழில், பதிவாளரின் கையெழுத்தில் இருந்தது. ஐயா ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைத்தார். வாசித்து, உதடு அசைய எழுத்துக் கூட்டி, ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். பெயர் வந்த இடமெல்லாம் கடவுச்சீட்டைத் திறந்து ஆங்கில எழுத்தைப் பார்த்தார். என் அப்பாவின் பெயர் 'த'வில் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் அது டி, எச். என் கணவர் கம்பனிக்குக் கொடுத்த படிவத்திலோ வெறும் டி. ஐயா அதைக் கண்டு, அன்றைக்கே கம்பனிக்கு எழுதித் திருத்தச் சொன்னார். பதிவு இலக்கத்தில் ஒரு எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். ஊகித்துப் போட முடியாது என்று சொல்லி, பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதுப் பிரதி எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். எட்டு.

அப்புறம் டி.எஸ்.-160, இணையத்தில் நிரப்புகிற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவம். ஆளுக்கு ஒன்று, நாலு வயதுப் பிள்ளைக்கும் தனியாக ஒன்று. இருபது நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும் என்பதால் தங்கச்சி முதலிலேயே விண்ணப்ப இலக்கத்தை எழுதித் தந்தார். ஐந்து வருடத்துக்குள் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறார்கள். நான் மறந்துபோன பழைய இன்ஸ்டாகிராம் கணக்கை அங்கே இருந்துதான் தேடி எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பதிலையும் தமிழில் திருப்பிச் சொல்லி, "சரியா அக்கா?" என்று கேட்டார். இந்தப் பழக்கத்துக்காகவே இவர்களிடம் போகலாம். நான் சொல்லாததை அவர்கள் எழுதவில்லை.

மாமிக்கும் எங்களோடு வர ஆசை. அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். எல்-2 என்பது கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டும்தான். பெற்றோருக்கு இல்லை, பார்க்க வருவதென்றால் பார்வையாளர் விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று ஐயா மாமிக்கே நேரே விளங்கப்படுத்தினார். மாமியின் முகம் வாடிவிட்டது. ஆனால் ஒரு படிவத்தை நிரப்பிக் காசு வாங்கியிருக்கக்கூடிய இடம் அது. அவர் வாங்கவில்லை.

எனக்குப் பெரிய ஆறுதல் வேலை விஷயம். நான் கணக்காளராக வேலை செய்தவள். அங்கே போய் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் பயந்திருந்தேன். எல்-1 காரரின் மனைவிக்கு 2021 நவம்பரில் விதி மாறியது: எல்-2 நிலையில் உள்ளே போனாலே வேலை செய்யும் உரிமை சேர்ந்துவிடும், தனியாக வேலை அனுமதி அட்டைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2022 ஜனவரி 30 தொடக்கம், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில் கணவன் அல்லது மனைவிக்கு எல்-2எஸ் என்றே குறிக்கிறார்கள். போய் இறங்கியதும் அந்த 'எஸ்' இருக்கிறதா என்று பார்க்கும்படி தங்கச்சி ஒரு துண்டில் எழுதித் தந்தார். பிள்ளைகள் படிக்கலாம், வேலை செய்ய முடியாது.

குறையும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன மொழிபெயர்ப்பு நாலு நாள் எடுத்தது. கதிரை இரண்டுதான். ஒரு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். போன் எடுத்தால் பதில் இல்லை. கட்டணம் மொழிபெயர்ப்புக்குப் பக்கம் ஒன்று 1,500 ரூபாய், படிவத்துக்கு ஆளுக்கு 4,000. தூதரகத்துக்குக் கட்டுவது வேறு, ஆளுக்கு 205 டொலர். விசா மறுத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், காலையில் காலி வீதியில் தம்பியிடம் போனைக் கொடுத்துவிட்டுத் தூதரகத்துக்குள் போனோம். ஏன் மூன்று பேருக்கும் வேறு வேறு பெயர் என்றுதான் அதிகாரி முதலில் கேட்டார். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். வாசித்தார். கணவருக்காகக் கம்பனி போட்ட மனு ஏற்கப்பட்டதைக் காட்டும் ஐ-797 கடிதத்தின் பிரதியையும் கேட்டார், கொடுத்தேன். எட்டாம் நாள் இரண்டு கடவுச்சீட்டும் விசாவோடு வந்தன.

கடைக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள். மூலப் பத்திரங்களோடு வீட்டில் எல்லாருடைய கடவுச்சீட்டையும் கொண்டு போங்கள், போட்டோக் கொப்பியை ஐயா தொடமாட்டார். பிள்ளை கூட வந்தால் தண்ணீர்ப் போத்தலும் ஒரு குடையும் வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் வெயில் அடிக்கும்.