கொழும்பு வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு: தம்பிக்காகக் காத்திருந்த 19 நாட்கள்

கொழும்பிலுள்ள வைத்தியசாலையொன்றின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் என் தம்பி 19 நாட்கள் இருந்தான். தெமட்டகொடையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட அவனை 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸில் கொண்டுவந்தபோது, கண் திறப்பது, பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே புள்ளி போட்டுக் கூட்டும் கிளாஸ்கோ நினைவுநிலை அளவுகோலில் அவனுக்கு 7 புள்ளிகள்தான் இருந்தன. 15 இல் 7 என்றால் பாதி நினைவாவது இருக்கிறது என்று அன்றிரவு என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த அளவுகோல் 3 இலிருந்துதான் தொடங்குகிறது என்பதும், 8 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கடுமையான மூளைக் காயம் என்று கொள்வார்கள் என்பதும் பிறகுதான் தெரியவந்தன.

சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை எப்போதும் 30 பாகை உயர்த்தியே வைத்திருந்தார்கள். தாதியர் மணிக்கொரு தரம் டோர்ச் அடித்துக் கண்மணிகளைப் பார்த்துக் குறித்தார்கள். மண்டையோட்டுக்குள் அமுக்கத்தை அளக்கும் கருவி பொருத்தப்படாததைக் கண்டு, வசதி இல்லாததால் விட்டுவிட்டார்களோ என்று பதறினேன். பொலிவியாவிலும் ஈக்குவடோரிலும் 324 நோயாளர்களிடம் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வொன்றை வைத்தியர் எனக்கு நிதானமாக விளக்கினார்: அந்தக் கருவியைக் கொண்டு சிகிச்சை அளித்தவர்களுக்கும், ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் மட்டும் வைத்துச் சிகிச்சை அளித்தவர்களுக்கும் இடையே விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எங்களைப் போல வளம் குறைந்த நாடுகளிலேயே கேட்கப்பட்ட கேள்வி என்பதால் அந்தப் பதில் என் மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

குறை மொழியில் இருந்தது. சுவாசிப்பதற்காகத் தொண்டைக்குள் வைத்த குழாய் இருக்கும் வரை, அந்த அளவுகோலில் பேச்சுக்குப் புள்ளி போட முடியாது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்றிரவு கடமையில் இருந்த தாதிக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். ‘கண்ணைத் திறங்க’, ‘கையைப் பிடிங்க’ என்ற இரண்டு கட்டளைகளை மட்டும் தமிழில் பாடமாக்கி வைத்திருந்தார். அவன் முனகுவதாக நினைத்து, பேச்சுக்கு 2 என்று எழுதியிருந்தார். அதாவது சொல்லாக விளங்காத வெறும் ஒலி. இன்னொரு ஸ்கேன் எடுப்பதா என்றும் அந்த இரவில் யோசித்திருக்கிறார்கள். காலையில் நான் உள்ளே போனபோது அவன் தாழ்ந்த குரலில், “அக்கா, கடையைப் பூட்டிப்போட்டியோ?” என்று கேட்டான். புறக்கோட்டைத் துணிக்கடையில் கணக்கு எழுதுபவன் அவன். இடம் தெரியாமல் குழம்பியிருந்தாலும், அது முழு வாக்கியம். தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவரை அழைத்துவந்து மறுபடி பேசவைத்தார்கள். புள்ளி 4 ஆனது. அந்தத் தாதியை நான் குறைசொல்ல மாட்டேன். 12 மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்தவர் அவர். ஆனால், நோயாளியின் மொழி தெரியாதவர் அளக்கும்போது அந்த 15 புள்ளிகள் எவ்வளவு நம்பகமானவை என்று கண்டறிவதே ஆய்வாளர்கள் முதலில் எடுக்க வேண்டிய வேலை என்று அன்று எனக்குத் தோன்றியது.

உறவினர்களுக்கு விளக்கம் தரும் முறையும் போதாது. நாளொன்றுக்கு ஒருவருக்குப் பத்து நிமிடம், அதுவும் நடைவழியில் நின்றபடி. ஒப்புதல் படிவத்தைச் சிங்களத்தில்தான் தந்தார்கள்.

மூன்று மாதங்களின் பின் கிளினிக்கில், இத்தகைய காயங்களில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று குடும்பத்தவர்களாகிய நீங்கள் நினைக்கிறீர்கள் என்று வைத்தியர் ஒருவர் எங்களிடம் கேட்டார். இவ்வளவு பெரிய நோயில் எங்கள் வாயிலிருந்து ஒரு கேள்வியை எதிர்பார்த்த முதல் மனிதர் அவர்தான். மொழியைப் பற்றிச் சொன்ன பின், ‘நல்ல விளைவு’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது: மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றும் அறுவைச் சிகிச்சை பற்றி 2016 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே ஆறு மாதத்தில் இறப்பு குறைந்திருந்தது. ஆனால் உயிர்தப்பியவர்களுள் நினைவு திரும்பாமலும் பிறர் துணையிலும் கிடந்தவர்கள் கூடியிருந்தார்கள். வீட்டில் பகலில் எட்டு மணி நேரம் தனியே இருக்க முடிந்தாலும் துணையின்றிக் கடைக்குப் போக முடியாத நிலையும் அந்த ஆய்வில் சாதகமான விளைவாகவே எண்ணப்பட்டது. என் தம்பி இன்று அந்த நிலையில்தான் இருக்கிறான். மின்விசிறிச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறான். மூன்று இலக்கக் கூட்டலில் தடுமாறுகிறான். அம்மா அவனைத் தனியே விட்டுவிட்டுக் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. அம்மாவின் நாள் எந்த அளவுகோலிலும் பதிவாவதில்லை என்று வைத்தியரிடம் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

கடுமையான தலைக்காயத்துடன் அந்தப் பிரிவில் உங்கள் உறவினரைச் சேர்க்க நேர்ந்தால் தயங்க வேண்டாம். குழாய் எடுக்கும் நாளில் மட்டும், தமிழ் பேசும் ஒருவர் கட்டிலருகே நிற்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். புள்ளி மாற்றிய அந்தக் காலைக்குப் பிறகு நாங்கள் கேட்டபோது மறுக்கவில்லை.