மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மீன்குஞ்சுக் கடை

தோட்ட லயத்தை விட்டு வந்த பிறகு, வீட்டுப் பின்புறம் பத்தடி கான்வாஸ் தொட்டி போட்டுக் கெலி என்கிற கெளுத்தி மீன் வளர்க்கிறேன். பசார் பக்கத்திலுள்ள இந்தக் கடையில் மூன்று முறை குஞ்சு வாங்கியாகிவிட்டது.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, குஞ்சுகளைத் தரம் பிரிக்கும் விதத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் அள்ளி, தண்ணீரில் மெல்லக் குலுக்குவார். சின்னது நழுவி இறங்கிவிடும், பெரியது கூடையிலேயே துள்ளும். அப்புறம் ஒரே அளவாக எண்ணித் தருவார். கெலிக்கு இது ரொம்ப முக்கியம். அளவு மாறினால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். முன்பு வேறோர் இடத்தில் கலவையாக வாங்கினேன். 200 குஞ்சில் 90தான் மிஞ்சியது. அந்த வலி இன்னும் போகவில்லை.

கிஃப்ட் திலாப்பியாவும் இங்கே உண்டு. ஏழை விவசாயிகளை மனத்தில் வைத்து 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்த இனம் அது. வேகமாக வளரும் மீன்களையே தலைமுறைதோறும் பொறுக்கி இனவிருத்தி செய்தார்கள். அந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்திய நிறுவனம்தான் இன்றைய வோர்ல்ட்ஃபிஷ்; தலைமையகம் நம் பினாங்கில் இருக்கிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

குறையும் உண்டு. தீவனத்தைச் சில்லறையாகக் கட்டித் தரும்போது பையில் தேதி இருப்பதில்லை. ஒருமுறை பூசணம் பிடித்தது கிடைத்தது. காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள், சரி.

காலையிலேயே போங்கள். வீட்டுக்கு வந்ததும் குஞ்சுப் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விடுங்கள்.