பழைய ஜான்சனா, மெர்குரியா, யமஹாவா? அவுட்போர்டு எஞ்சினை இனங்காண்பதும் பழுது பார்ப்பதும்

அமெரிக்க, கனடிய ஏரிக்கரைகளில் பழைய படகோடு சேர்ந்து கைமாறும் சிறிய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் எஞ்சின்) பெரும்பாலும் ஜான்சன்–எவின்ரூட், மெர்குரி, யமஹா என்ற மூன்று குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கும். மூன்றும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் வகை என்பதால் இயங்கும் விதம் ஒன்றே. ஆனால் அது எந்த ஆண்டில் வந்தது என்று கண்டுபிடிப்பதிலும், நின்றுபோனால் எங்கே கைவைப்பது என்பதிலும் அவற்றிடையே கணிசமான வேறுபாடு உண்டு.

இனங்காண்பதில் ஜான்சனும் எவின்ரூடும் முந்துகின்றன. 1930களின் நடுப்பகுதியிலிருந்து இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தவை. பிற்காலத்தில் நிறத்தையும் ஸ்டிக்கரையும் தவிர்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே எஞ்சின்தான். மாதிரி எண் பொறித்த தகடு படகில் மாட்டும் கவ்வியில் இருக்கும். அது உரிந்து போயிருந்தால், மூடியைக் கழற்றி எஞ்சின் உடலில் அறைந்திருக்கும் வட்டமான சிறு உலோக அடைப்பைத் துடைத்துப் பார்த்தால் அதே எண் தெரியும். 1980 முதல் ஆண்டை எழுத்துகளாகப் பொறித்தார்கள். சி என்றால் 8, இ என்றால் 9, எஸ் என்றால் 0. ஆகவே கடைசி எழுத்துக்கு முன்னால் ‘சிஇ’ இருந்தால் 1989, ‘இஎஸ்’ இருந்தால் 1990. தகடே இல்லாத மிகப் பழைய எஞ்சினில் பெட்ரோல் குழாயைக் கவனியுங்கள். இரட்டைக் குழாயாக இருந்தால் அது 1950களின் அழுத்த டேங்க் முறை. அதில் எரிபொருள் பம்ப் கிடையாது, டேங்குக்குள் காற்றழுத்தம் ஏற்றித்தான் பெட்ரோலைத் தள்ளும்.

மூடியில் ஒட்டியிருக்கும் குதிரைத்திறனை மட்டும் நம்பக் கூடாது. 1974 முதல் 1990களின் தொடக்கம் வரை வந்த 9.9, 15 குதிரைத்திறன் ஜான்சன்களுக்கு எஞ்சின் உடல் ஒன்றுதான். முக்கிய வேறுபாடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில் இருக்கிறது. பத்துக் குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லாத ஏரிகளுக்காக 15-இன் தலையில் 9.9-இன் மூடியைக் கவிழ்த்துவிடும் சாமர்த்தியசாலிகள் எங்கும் உண்டு.

மெர்குரியில் இத்தகைய வசதி குறைவு. பழைய மாதிரிகளின் வரிசை எண்ணைப் பார்த்தவுடன் ஆண்டு தெரியாது. அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும். 1950களின் பெரிய மெர்குரிகள் சிலவற்றில் ரிவர்ஸ் கியரே இல்லை. எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுழலும்படி மீண்டும் கிளப்பினால்தான் படகு பின்னோக்கிச் செல்லும். இதை அறியாமல் கியர் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. மெர்குரியின் துணைப் பெயரான மேரினர் இன்னும் குழப்பும்: 1970களின் மேரினர்கள் பல ஜப்பானில் யமஹா குழுமம் தயாரித்தவை. அவற்றுக்கு மெர்குரி பாகம் வாங்கினால் பொருந்தாது.

பழுது பார்க்கும் வரிசை மூன்றுக்கும் பொது: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்), பிறகு தீப்பொறி, கடைசியில் எரிபொருள். இரண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் கார்பரேட்டரைச் சுத்தம் செய்து பயனில்லை. பெட்ரோல் குழாயிலுள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடி, விட்டவுடன் நின்றால் எஞ்சினிலுள்ள எரிபொருள் பம்பின் டயாப்ரமை (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வை) சந்தேகிக்கலாம். கைப்பம்ப் சப்பி ஒட்டிக்கொண்டால் டேங்கின் காற்றுத்துளை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேறுபாடு தீப்பொறியில் தொடங்குகிறது. 1970களின் நடுப்பகுதி வரையிலான சிறிய ஜான்சன்களில் பிளைவீலுக்கு (எஞ்சினின் மேலே சுழலும் கனத்த சக்கரத்துக்கு) அடியில் பாயின்ட்டும் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) காயிலும் (பொறிக்கான மின்சுருள்) இருக்கும். பாயின்ட்டைத் தேய்த்துத் துடைத்து 0.020 அங்குல இடைவெளி வைத்து, மேலுறை வெடித்த காயிலை மாற்றினால் பல எஞ்சின்கள் உயிர் பெறும். பிளைவீலைக் கழற்றும்போது அதன் நடுவிலுள்ள மூன்று துளைகளில் போல்ட் முடுக்கி இழுக்கும் புல்லர் என்ற கருவியையே பயன்படுத்த வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுத்தால் அது வளைந்துவிடும். மெர்குரி பல மாதிரிகளில் மின்னணுப் பற்றவைப்புக்கு மாறிவிட்டது. அதில் தீப்பொறி வராவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சின் வயரைக் கழற்றிச் சோதியுங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு ஸ்விட்சில்தான், பொறியைக் கட்டுப்படுத்தும் விலை கூடிய மின்னணுப் பெட்டியான ஸ்விட்ச்பாக்ஸில் அல்ல.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தை) மாற்ற, கியரும் விசிறியும் உள்ள அடிப்பகுதியை இறக்க வேண்டும். பழைய ஜான்சன்கள் பலவற்றில் அதற்கு முன் கியர் தண்டின் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். அதை எட்டுவதற்குப் பக்கவாட்டில் சிறிய ஜன்னல் இருக்கும். மெர்குரியில் கியரை முன்னோக்கி வைத்தே இறக்க வேண்டும். விசிறிக்கு மேலுள்ள சிறு துடுப்பைக் கழற்றினால் உள்ளே ஒளிந்திருக்கும் போல்ட் தெரியும். அதை அறியாமல் நெம்பி உடைத்துக்கொள்பவர்கள் பலர். மேலும், 1950கள், 60களின் ஜான்சன்களில் குளிர்நீர் ஓடுவதைக் காட்டும் தாரை கிடையாது; பின்புறத் துளையில் புகையோடு தெறிக்கும் தண்ணீரே அடையாளம்.

ஆயில் கலவையிலும் ஆண்டு முக்கியம். 1964 முதல் வந்த ஜான்சன்களில் பெரும்பாலானவற்றுக்கு 50:1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில்; அதற்கு முந்தையவற்றுக்கு 24:1, ஏறத்தாழ 42 மி.லி. தேவை. ஐயமிருந்தால் கூடுதலாக ஊற்றுங்கள். பிளக் கரிபிடிப்பதைத் துடைத்துவிடலாம், பேரிங் எரிந்தால் எஞ்சினே போய்விடும்.

முதல்முறையாக ஸ்பானர் பிடிப்பவருக்கு, நன்னீர் ஏரியில் ஓடிய 9.9 அல்லது 15 ஜான்சனையே பரிந்துரைப்பேன். தயாரித்த நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானாலும் இந்த மாதிரிகளுக்கு உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. மெர்குரி வேகத்தில் சளைத்ததல்ல, ஆனால் அனுபவமற்ற கையை அது மன்னிப்பதில்லை.

உப்புநீருக்கு என்றால் என் தேர்வு யமஹா. பாக் நீரிணையின் இரு கரை மீனவர்களுக்கும் பழகிய பெயர் அது. அங்கே கைமாறும் எஞ்சின் மண்ணெண்ணெய் மாதிரியா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். அந்த மாதிரியில் கம்ப்ரஷன் இயல்பாகவே குறைவு என்பதால் பெட்ரோல் எஞ்சினின் அளவை வைத்து அதைத் தேய்ந்தது என்று ஒதுக்கக் கூடாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்திய எஞ்சின் மறுநாள் காலை கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. கார்பரேட்டர் கிண்ணத்தில் தங்கிய மண்ணெண்ணெயை வடித்து, பெட்ரோலை நிரப்பி, பிளக்கைத் துடைத்து மாட்டினால் கிளம்பிவிடும்.