ஆக்டிவ் பேஸா, பாஸிவ் பேஸா: ரெண்டையும் வச்சிருந்து ஒண்ண வித்தவன் சொல்றேன்

பேஸ் கிட்டார்ல ஆக்டிவ் அஞ்சு ஸ்ட்ரிங் ஒண்ணு, பாஸிவ் நாலு ஸ்ட்ரிங் ஒண்ணு, ரெண்டும் கொஞ்ச நாள் கையில இருந்துச்சு. இப்ப பாஸிவ் மட்டும்தான் இருக்கு. "ஏன்டா அத வித்த, அதுலதான எல்லாமே இருந்துச்சு"ன்னு எங்க டிரம்மர் இன்னும் கேக்குறான். அவனுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதுறேன், புதுசா வர்ற பேஸ் கிட்டார்கள்ல என்ன இருந்தா நல்லாருக்கும்னு தோணுதோ அதையும் சேத்து.

வித்தியாசம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாஸிவ்ல பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்துற காந்தக் காயில்) சிக்னல் நாப் வழியா நேரா கேபிள் சொருகுற ஜாக்குக்குப் போயிடும், டோன் நாப் ட்ரெபிள, அதாவது கூர்மையான மேல் சத்தத்த, குறைக்க மட்டும்தான் செய்யும். ஆக்டிவ்ல உள்ள ஒரு ப்ரீஆம்ப் (சிக்னல பெருக்கி மாத்துற குட்டி சர்க்யூட்) உக்காந்திருக்கும், பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில ஓடும், லோ, ட்ரெபிள், சிலதுல மிட், எதையும் கூட்டலாம் குறைக்கலாம். லியோ ஃபெண்டர் 1951ல கொண்டு வந்த ப்ரெசிஷன் பேஸ் பாஸிவ்தான், 1960ல வந்த ஜாஸ் பேஸும் அப்படித்தான், 1976ல ஸ்டிங்ரேங்கிற ஆக்டிவ் பேஸ் வந்தப்புறம் ப்ரீஆம்ப் வச்ச பேஸ் பரவலா கைக்கு வந்துச்சு.

சவுண்ட்ல ஆக்டிவுக்கு மார்க் குடுத்துத்தான் ஆகணும். ஸ்லாப் (கட்டை விரலால ஸ்ட்ரிங்க தட்டி வாசிக்கிறது) அடிச்சா அந்தப் பளிச்சுனு வர்ற ட்ரெபிள் என் பாஸிவ்ல வராது. நீளமான கேபிள் போட்டாலும் ட்ரெபிள் செத்துப் போகாது, பாஸிவ்ல போகும். ஆனா மொதல்ல ஒரு பஃபர் பெடல் (கேபிள்ல சிக்னல் மங்காம பாத்துக்கிற குட்டிப் பெட்டி) வச்சா அதுல பெரும்பகுதி சரியாயிடும். இன்னொண்ணு, அஞ்சாவது ஸ்ட்ரிங்கான லோ பி தெளிவா கேக்குறதுக்கு ப்ரீஆம்ப்தான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அந்த ஸ்ட்ரிங்கோட சுருதி கிட்டத்தட்ட 31 ஹெர்ட்ஸ், சாதாரண லோ ஈ 41, அவ்வளவு கீழ தொளதொளன்னு ஆகாம இருக்கணும்னா நெக் விறைப்பா இருக்கணும், ஸ்கேல் நீளம் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) போதணும், ஸ்ட்ரிங் நல்லதா இருக்கணும், ப்ரீஆம்ப் அப்புறம்தான். அஞ்சு ஸ்ட்ரிங்க நான் எட்டு மாசம்தான் வாசிச்சேன், அதனால இதுல என் பேச்ச அளவோட எடுத்துக்குங்க. 18 வோல்ட் ப்ரீஆம்ப் நான் தொட்டதே இல்ல.

என்னை முடிவு பண்ண வச்சது பராமரிப்பு.

ஒரு கச்சேரியில மூணாவது பாட்டு, ஈ ஸ்ட்ரிங்க அழுத்தி அடிச்சா மட்டும் சர்ருன்னு கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி சத்தம், மெதுவா அடிச்சா ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர் போச்சுன்னு நினைச்சேன், கேபிள மாத்துனேன், ஆம்ப்ல வேற இன்புட்ல போட்டேன், அப்புறம்தான் பேட்டரின்னு மண்டையில உறைச்சுது. பேட்டரி எறங்க எறங்க ப்ரீஆம்ப் பெரிய சிக்னல தாங்காம மழுங்கடிக்கும், அதான் அழுத்துன நோட்டு மொதல்ல கெடுது. முந்தின நாள் ராத்திரி கேபிள ஜாக்லயே விட்டுட்டுத் தூங்கியிருக்கேன். இந்த மாதிரி பேஸ்ல ஜாக்தான் ஸ்விட்ச்சு, கேபிள் உள்ள இருந்தா பேட்டரி ஓடிட்டே இருக்கும். பின்னாடி தகட்டுல ஆறு குட்டி ஸ்க்ரூ, கையில ஸ்க்ரூட்ரைவர் இல்ல, யார்கிட்டயோ வாங்கி இருட்டுல கழட்டுறப்ப ஒரு ஸ்க்ரூ மேடைப் பலகை இடுக்குல விழுந்துருச்சு. அதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிஞ்சுருச்சு, கீபோர்ட்காரர்தான் இடது கையால பேஸ் லைன வாசிச்சுக் காப்பாத்துனாரு. அந்த பேஸ்ல ப்ரீஆம்ப தாண்டி சிக்னல நேரா அனுப்புற பாஸிவ் பைபாஸ் ஸ்விட்ச்சும் கிடையாது, பேட்டரி இல்லன்னா அது வெறும் மரம்தான்.

சரி அது என் கவனக்குறைவுன்னு விட்டுடலாம். கொஞ்ச நாள் கழிச்சு ட்ரெபிள் நாப் கரகரன்னு ஆகி ஒரு நாள் சுத்தமா நின்னுபோச்சு. திறந்து பாத்தா நாப் எல்லாம் போர்டுலயே சால்டர் பண்ணி, மேல கருப்பா எபாக்ஸி ஊத்தி மூடியிருக்கு. ரிப்பேர் பண்றவர் பாத்துட்டு, ஒரு பார்ட்ட மாத்த வழியே இல்ல, முழு போர்டையும் மாத்தணும், இந்த போர்டு இப்ப வர்றதில்லன்னுட்டாரு. ஒரு சின்ன நாப்புக்காக மொத்த எலக்ட்ரானிக்ஸும் வேற போட வேண்டியதாச்சு. விக்கும்போது வாங்க வந்தவர் கேட்ட மொத கேள்வியே "ப்ரீஆம்ப் ஒரிஜினலா?"

பாஸிவ்ல உள்ள என்ன இருக்கு? வால்யூம் நாப், டோன் நாப், பெரும்பாலும் 250 கிலோ ஓம், ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஜாக், அவ்வளவுதான். போன மாசம் வால்யூம் கரகரன்னுச்சு, கான்டாக்ட் க்ளீனர் ரெண்டு சொட்டு அடிச்சு இருபது தடவ திருப்புனேன், சரியாயிடுச்சு. ஜாக் லூசானா நட்ட இறுக்கலாம், ஆனா உள்ளபக்கம் ஜாக்க விரலால புடிச்சுக்கிட்டு இறுக்குங்க, இல்லன்னா அதுவும் சேந்து சுத்தி வயர் அறுந்துரும். எல்லாமே எங்கயும் கிடைக்கிற பார்ட்டு. இரைச்சல் பயமும் ப்ரெசிஷன் டைப்ல இல்ல, 1957ல வந்த ரெண்டா பிரிஞ்ச காயில் பிக்கப்பே ஹம்ம அடக்கிடும். ஜாஸ் டைப் சிங்கிள் காயில்ல ஒரு பிக்கப்ப குறைச்சா ஹம் வரும், அது வேற விஷயம்.

ஆக்டிவ் வேணாம்னு நான் சொல்லல. ஸ்லாப் அதிகமா வாசிக்கிறவங்களுக்கு, ஒரே ராத்திரியில பத்து விதமான சவுண்டு வேணுங்கிறவங்களுக்கு அது வேணும். செய்யறவங்க கொஞ்சம் மனசு வச்சா போதும். பைபாஸ் ஸ்விட்ச்சு இருக்கணும், பாஸிவ் மோடுலயும் டோன் நாப் வேலை செய்யணும் (நிறைய பேஸ்ல வால்யூம் மட்டும்தான் மிஞ்சும்), பேட்டரி டப்பா விரலாலேயே திறக்கணும், எறங்குறதுக்கு முன்னாடி ஒரு குட்டி லைட் எரியணும். ரெண்டு வகைக்கும் பொதுவா கேக்குறது ட்ரஸ் ராட், நெக் வளைவ சரி பண்ற உள்கம்பி. பழைய டிசைன்ல அத திருப்புற நட்டு நெக் உடம்போட சேர்ற முனையில இருக்கும், நாலு ஸ்க்ரூவ கழட்டி நெக்க தூக்கித்தான் திருப்பணும், திருப்புனது சரியான்னு பாக்க மறுபடி மாட்டி ட்யூன் பண்ணணும், பத்தலன்னா திரும்ப மொதல்ல இருந்து. நெக் முடியிற இடத்துல ஒரு சக்கரம் வச்சு சின்னக் கம்பியால திருப்புற மாதிரி சிலர் செய்யறாங்க, அத எல்லாரும் செய்யலாம். அப்புறம் எடை, நாலு கிலோவுக்குள்ள வந்தா ரெண்டு மணி நேரம் நின்னு வாசிக்கிற தோளுக்குத் தெரியும்.

ஆக்டிவ்தான் வாங்கப் போறீங்கன்னா கடையிலயே பின் தகட்டக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. நாப் வயர் ப்ளக்ல சொருகியிருக்கா, இல்ல எல்லாம் ஒரே போர்டுல எபாக்ஸிக்குள்ள கெடக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்ட்ரிங்க தட்டிப் பாருங்க.