நலங்கு மாவா, சிண்டெட் கட்டியா?

தொட்டாலே சிவக்கும் தோலுக்குப் பாட்டி சொல்வது நலங்கு மாவு. தோல் மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் சிண்டெட் கட்டி.

சிண்டெட் பார்க்க சோப்பு மாதிரிதான், ஆனால் சோப்பு இல்லை; செயற்கை அழுக்குநீக்கிகளால் செய்த கட்டி. சாதாரண சோப்பின் பிஎச் (அமில-கார அளவு) 9, 10 வரை போகும். தோலின் மேல்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். சிண்டெட்டை அந்த அளவை ஒட்டியே தயாரிக்கலாம், அதனால் குளித்தபின் முகம் இழுத்துப் பிடிக்காது. விலைதான் கடிக்கும். ஈரத்தில் விட்டால் கூழாகியும் போகும்.

நலங்கு மாவில் பாசிப்பயறு சாது. வில்லங்கம் கூடச் சேருபவற்றில்: பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ். இயற்கையானாலும் வாசனை வாசனைதான். பத்துச் சரக்கில் எது அரித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாவில் சேரும் கார்போக அரிசியில் உள்ள சோரலன் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியது. அப்புறம், மாவை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் முகத்துக்கு வேண்டாம்.

அரிப்பு, வெடிப்பு உள்ளவர்களுக்கு என் ஓட்டு வாசனை சேர்க்காத சிண்டெட்டுக்கே. மாவு இல்லாமல் முடியாதென்றால் துணியில் சலித்த வெறும் பாசிப்பயறு. எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் போட்டுப் பாருங்கள்.